சொல்லக் கூடாத நிறம்

அத்தியாயம் பதினான்கு

வாலுவின் விரல் நுனியில் ஊசியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து, சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பது அந்த வீட்டில் பல் விளக்குவதற்கும் முந்திய வேலை. எட்டு வயதில் ஆரம்பித்தது. இப்போது அவளுக்குப் பதினைந்து. குத்துகிற அம்மாவுக்கும் பழகிவிட்டது, குத்துப்படுகிற மகளுக்கும் பழகிவிட்டது.

அன்றைக்கும் சர்க்கரை தாழ்ந்தே இருந்தது.

"பாத்தியா, பாத்தியா!" என்றார் அப்பா, ஷூ கயிற்றைக் கட்டியபடி. "ஊசி மருந்தை இவ்வளவு குறைச்சும் ஏற மாட்டேங்குது. சர்க்கரைக்கே என் பொண்ணைப் பாத்து பயம் வந்துடுச்சு."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் இவர் போன்தான் அடிக்கும். கொஞ்ச நாளாக மனிதர் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். இன்சுலின் அளவு படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் ஒரு நாள் ஊசியே வேண்டாம் என்று ஆகிவிடுமோ என்று ரகசியமாக ஆசைப்பட்டார். ஆசைப்படக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பெற்றவர்கள் அதையெல்லாம் கேட்டால்தானே?

ஆசைக்கு நடுவே நெருடல் ஒன்றும் இருந்தது. ஓர் இடத்தில் உட்காராத குழந்தை என்பதால்தான் அவளுக்கு 'வாலு' என்று பட்டப்பெயர். அந்த வாலு இப்போது வாலைச் சுருட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள். களைப்பு என்று பரிசோதித்ததில் தைராய்டும் சரியில்லை என்று தெரிந்து, இரண்டு வாரமாக மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. களைப்பு குறையவில்லை, கூடித்தான் இருந்தது.

"மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாளாகும். எழுந்திரு," என்றாள் அம்மா.

வாலு எழுந்து ரொட்டித் துண்டின் மேல் உப்பைத் தூவினாள். போதாது என்று உள்ளங்கையில் கொட்டி நக்கினாள்.

"ஆடா நீ? வை அதை!" என்று ஜாடியைப் பிடுங்கினாள் அம்மா.

பிடுங்கினாளே தவிர, அவள் மனசு அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்த சண்டை இன்னும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

சண்டை இதுதான். கணவரின் அக்கா, ஒரு மாணவர் விடுதியில் சமையல் பொறுப்பில் இருப்பவள், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஊரிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. வாலுவின் கையைப் பிடித்தாள், விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா, பிள்ளை இப்படிக் கறுத்துப் போயிருக்கா?" என்றாள்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் பேசலாம். நிறத்தைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அது வாலுவின் அம்மா போட்ட சட்டம்.

சும்மா போட்ட சட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் அம்மாவுக்குக் 'கரிக்கட்டை' என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பவுடர் படாத மணிக்கட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வேகத்தில்தான் ஒரு போட்டோ ஸ்டுடியோ ஆரம்பித்து, சுவரில் ஒரு பலகை மாட்டினாள்: 'இங்கே முகத்தின் நிறம் மாற்றித் தரப்பட மாட்டாது.' கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களிடம் பலகையைக் காட்டுவாள். மிஞ்சுகிறவர்களிடம் வாசலைக் காட்டுவாள். தெருவில் அவளுக்கு 'கறார் ஸ்டுடியோக்காரி' என்று பெயர்.

அந்தப் பலகைக்கு முதன்முதலில் பலியானவளே இந்த நாத்தனார்தான். வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய குரூப் போட்டோவைக் கொண்டுவந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். கீறல்களைச் சரிசெய்யச் சொன்னவள், ஓரத்தில் நின்ற ஒரு சிறுமியைத் தொட்டு, "இந்த முகத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடும்மா," என்றாள். ஸ்டுடியோக்காரிக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "செத்தாலும் செய்யமாட்டேன் அண்ணி," என்றாள். கீறலை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். யார் அந்தச் சிறுமி என்றுகூடக் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நாத்தனார், இவள் மகளைப் பார்த்து, அதே பேச்சைப் பேசினால்?

"இந்த வீட்டுல இந்தப் பேச்சு வேண்டாம் அண்ணி."

"இல்லம்மா, நான் அதுக்குச் சொல்லல. அவ விரல் முட்டியைப் பாரு, எனக்கு என்னமோ..."

"ஒரு வார்த்தை பேசாதீங்க. பேசணும்னா வெளிய போய்ப் பேசுங்க."

நாத்தனார் வெளியே போய்விட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கே போய்விட்டாள். மெக்கானிக் இருவருக்கும் நடுவே, நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவரைப் போல விழித்தார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு அளந்துதான் நடந்தது.

---

அன்றைக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் வாலு ஸ்டுடியோவுக்கு வர வேண்டியிருந்தது. பரீட்சை அட்டைக்குப் புதுப் போட்டோ வேண்டும்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு கவுன்டர், பின்னால் வெள்ளைத் திரை, ஒரு சுழல் ஸ்டூல், இரண்டு குடை விளக்குகள். விளக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்திருந்தாள். அந்தக் குறியை விட்டு விளக்கு ஓர் அங்குலம் நகராது.

"நிமிந்து உக்காரு. தோளைத் தொங்கப் போடாதே. சிரிக்காதே."

"சிரிக்கவே தெம்பில்லம்மா," என்றாள் வாலு.

படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டாள். போன வருடம் படத்தை எந்த அளவில் வெட்டினோம் என்று பார்ப்பதற்காக, வாலுவின் பழைய படத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

முதலில், திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். பிறகு விளக்கின் மேல் சந்தேகம் வந்தது. எழுந்து போய் பல்பைப் பார்த்தாள். அதே பல்புதான், அதே குறிதான்.

அவளுடைய தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. நிறத்தில் சந்தேகம் வந்தால் வெள்ளையைப் பார்க்க வேண்டும். இரண்டு படத்திலும் திரையின் வெள்ளை ஒன்றுதான். பள்ளிச் சட்டைக் காலரின் வெள்ளையும் ஒன்றுதான். விளக்கு பொய் சொல்லவில்லை. கேமராவும் பொய் சொல்லவில்லை. மாறியிருந்தது முகம் மட்டும்.

வெயிலில் அலைந்த கறுப்பு இல்லை அது. உதட்டோரத்தில் மை கசிந்தது போல் இருந்தது. கண்ணுக்குக் கீழே, கழுத்து மடிப்பில், எங்கெல்லாம் வெயில் படாதோ அங்கெல்லாம் கூடுதலாக இருந்தது. தினமும் பார்க்கிற முகம் என்பதால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது கண்ணில் படவில்லை. படவில்லையா, பட்டும் பார்க்கக் கூடாது என்று இருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாலு, வாயைத் திற."

"எதுக்கு?"

"திறடி!"

ஈறுகளில் திட்டுத் திட்டாகக் கருநீலம். கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் முட்டிகள் கறுத்திருந்தன. உள்ளங்கை ரேகைகள் பேனாவால் வரைந்ததுபோல் இருந்தன. நாத்தனார் திருப்பித் திருப்பிப் பார்த்தது இந்தக் கையைத்தான்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"ரொம்ப நாளா."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். "நீதானேம்மா இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்ன? அத்தையவே அனுப்பிட்ட. நான் போய்ச் சொன்னா, எனக்கும் கலர்ப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நீ வருத்தப்படுவேன்னு இருந்துட்டேன். பல்லு தேய்க்கும்போது கண்ணாடியைப் பாக்கறதில்ல, அவ்வளவுதான்."

அம்மா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, ஸ்கூலுக்கு நேரமாச்சு," என்று ஸ்டூலிலிருந்து எழுந்த வாலு, நின்ற இடத்திலேயே ஒரு முறை ஆடினாள். "கண்ணு இருட்டுதும்மா," என்றாள். வெள்ளைத் திரையைப் பிடித்துக்கொண்டே அப்படியே சரிந்தாள். திரையும் அவள் மேல் விழுந்தது.

---

மேசை டிராயரில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். அதைக் கிழித்து மகளின் கன்னத்துக்குள் தடவினாள். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை பாதாளத்தில் கிடந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுத் தன் காரை எடுத்தார். வழியில் வாலு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "ஸாரி அங்கிள், உங்க சீட்டு..." என்று முனகினாள். "சீட்டு கிடக்குது சீட்டு, நீ கண்ணை மூடாம இரும்மா," என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது. ஆனால் வாலு கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. ரத்த அழுத்தம் எழுந்திருக்கவே மறுத்தது.

மெக்கானிக் வேலை உடுப்போடு ஓடி வந்தார். கையெல்லாம் கிரீஸ். மகளைத் தொடப் போனவர், கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குழந்தைகளின் ஹார்மோன் நோய்களைப் பார்க்கிற டாக்டரம்மாவை அழைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வந்தவர், வாலுவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க பொண்ணு நிறம் எப்பவுமே இப்படித்தானா?"

ஸ்டுடியோக்காரியின் நாக்கு நுனிக்குப் பழைய கோபம் பழைய பழக்கத்தில் வந்து நின்றது. அதை விழுங்கினாள். போனை எடுத்து இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினாள்.

"இது போன வருஷம். இது இன்னைக்குக் காலையில. ஒரே கேமரா, ஒரே லைட்டு. நான் எதையும் மாத்தல டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "உப்பு அள்ளி அள்ளிச் சாப்பிடுறாளா?"

"ஆமா."

"இன்சுலின் தேவை குறைஞ்சுகிட்டே வந்துச்சா?"

"ஆமாங்க டாக்டர்," என்றார் மெக்கானிக். அந்த நிலையிலும் குரலில் ஒரு துளி பெருமை எட்டிப் பார்த்தது. "நல்லா குறைஞ்சிருக்கு."

டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பி, முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்த கையோடு ஓர் ஊசி மருந்தைப் போடச் சொன்னார். ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போடுங்கள் என்று அழுத்திச் சொன்னார்.

பிறகு இவர்கள் பக்கம் வந்தார். "இவ்வளவு மாறியிருக்கு. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

கேட்டவருக்கு அது சாதாரணக் கேள்வி.

"கவனிச்சாங்க," என்றாள் ஸ்டுடியோக்காரி. "சொல்லவும் வந்தாங்க. நான்தான் வாயை அடைச்சு வெளிய அனுப்பிட்டேன்."

---

பிற்பகலில் வாலுவின் ரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. கண்ணைத் திறந்து, "தாகமா இருக்கு," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

வராந்தாவில் நின்று டாக்டரம்மா விளக்கினார்.

"நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கு. வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்கத்தான் அது. சில பேருக்கு அது வீட்டு ஆளையே திருடன்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சுடும். உங்க பொண்ணுக்கு முதல்ல கணையத்தை அடிச்சுது, சர்க்கரை வந்துச்சு. அப்புறம் தைராய்டு. இப்போ சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு, அதையும் அடிச்சிருக்குன்னு நினைக்கிறேன். உடம்பு கறுத்ததும், உப்பு அள்ளித் தின்னதும் அதனாலதான். நாளைக்கு ரிசல்ட் வந்தா உறுதியாத் தெரியும். ஒரு குழந்தைக்கு ஒண்ணு வந்தா இன்னொண்ணு சேர்ந்து வரக்கூடிய கூட்டம் இது."

"அப்போ... இன்சுலின் குறைஞ்சது?" என்றார் மெக்கானிக்.

"குணமாகி இல்லீங்க. உடம்புல சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கிற வேலையில இந்தச் சுரப்பிக்கும் பங்கு உண்டு. அது படுத்துடுச்சு. அதான் சர்க்கரை விழுந்துகிட்டே இருந்துச்சு. தைராய்டு மாத்திரையும் தேவையானதுதான், ஆனா இந்தச் சுரப்பிக்கு முட்டுக் கொடுத்துட்டு அப்புறம் ஆரம்பிச்சிருக்கணும். மாத்திரை உடம்பை வேகமா ஓடவிட்டு, இருந்த கொஞ்சத்தையும் செலவழிச்சிருச்சு."

மெக்கானிக் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒவ்வொரு தடவை குறைஞ்சப்பவும் நான் சந்தோஷப்பட்டேனே," என்றார், யாரிடமும் இல்லாமல். "அவ விழுந்துகிட்டு இருந்திருக்கா, நான் கை தட்டியிருக்கேனே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இனிமே தினமும் இந்தச் சுரப்பிக்குப் பதிலா மாத்திரை போடணும். காய்ச்சல், வாந்தி வந்தா கூட்டணும். விடவே கூடாது. ஆனா அவ படிப்பா, வேலைக்குப் போவா, உங்களை எதிர்த்துப் பேசுவா. எல்லாம் செய்வா." டாக்டரம்மா குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். "இது சில குடும்பங்கள்ல ஓடும். உங்க ரெண்டு பேர் பக்கத்துல யாருக்காவது தைராய்டு, இதே காவல்படை தோலை அடிச்சு வர்ற வெள்ளைத் திட்டு, சின்ன வயசுல காரணம் தெரியாம இறந்தவங்க, அப்படி யாராவது?"

மெக்கானிக் இடது மணிக்கட்டின் வாட்ச்சை மேலும் கீழும் நகர்த்தினார். அதன் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. குளிக்கும்போது தவிர அவர் வாட்ச்சைக் கழற்றுவதில்லை. மனைவிக்குத் தெரியும். நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாத வீட்டில் அதையும் யாரும் பேசியதில்லை.

"எனக்கொரு சின்னக்கா இருந்தா," என்றார் அவர் மெதுவாக. "எனக்கு அவ முகமே ஞாபகமில்ல, நான் அப்போ கைக்குழந்தை. காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல அக்காவுக்குத்தான் தெரியும்."

ஸ்டுடியோக்காரி போனை எடுத்தாள். நாத்தனாரின் பெயரைத் தேடி எடுத்தாள். நடந்ததற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? ஆனாலும் அழுத்தினாள்.

"அண்ணி..."

"பிள்ளைக்கு என்னாச்சு?" மறுமுனையில் விடுதிச் சமையலறையின் பாத்திரச் சத்தம் சட்டென்று தூரப் போனது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். "உன் குரலே சரியில்லையே. உயிரோட இருக்காளா? அதை முதல்ல சொல்லு."

"இருக்கா அண்ணி. கண்ணைத் திறந்துட்டா."

மறுமுனையில் நெடுமூச்சு வந்தது. ஸ்டுடியோக்காரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு, "அன்னைக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான் விடல. மன்னிச்சுக்கோங்க. இப்போ சொல்லுங்க அண்ணி," என்றாள்.

"என்ன சொல்றது? அந்த விரலை நான் முன்னாடியே பாத்திருக்கேம்மா. என் தங்கச்சிக்கு இப்படித்தான் முட்டி முட்டியா கறுத்துச்சு. வெயில்ல ஆடுறான்னு அடிச்சாங்க. உப்புத் திருடித் தின்னா, அதுக்கும் அடிச்சாங்க. ஒரு நாள் வாந்தி எடுத்தா. மறுநாள் இல்ல. அதுக்குப் பேரு என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வாலு கையைப் பாத்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. அதைச் சரியாச் சொல்லத் தெரியாம, கறுத்துப் போயிட்டாளேன்னு சொல்லித் தொலைச்சேன்."

ஸ்டுடியோக்காரிக்கு அந்தப் பழைய குரூப் போட்டோ கண்முன் வந்தது. வாசற்படியின் ஓரத்தில் நின்ற சிறுமி.

"அந்தப் போட்டோவுல... வெளுப்பாக்கித் தரச் சொன்னீங்களே..."

"அவதான். அவ இருக்கிற ஒரே படம் அது. நோயோட இருக்கும்போது எடுத்தது. அது அவ நிறமே இல்லம்மா. நோய் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தாளோ அப்படி ஒரு தடவை பாக்கணும்னு ஆசைப்பட்டேன். உனக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வராந்தாவின் சுவரில் சாய்ந்து ஸ்டுடியோக்காரி விம்மினாள். அழுகையை அடக்க அவளால் முடியவில்லை, அடக்கவும் நினைக்கவில்லை. "கொண்டாங்க அண்ணி. செஞ்சு தரேன். என் கையாலயே செஞ்சு தரேன்," என்றாள்.

"வேண்டாம்," என்றாள் நாத்தனார். "நீ அன்னைக்கு மாத்தாம விட்டதும் நல்லதாப் போச்சு. அப்படியே எடுத்துட்டு வரேன். அந்த டாக்டரம்மா பாக்கட்டும்."

பேச்சு முடிந்து திரும்பியபோது, நர்ஸ் ரத்தம் எடுக்கும் தட்டோடு மெக்கானிக்கின் முன்னால் நின்றிருந்தாள். "அப்பாவுக்கும் பாக்கச் சொல்லியிருக்காங்க. இடது கையை நீட்டுங்க சார், வாட்ச்சைக் கழட்டிடுங்க."

அவர் வலது கையை நீட்டினார். "இதுல எடுங்களேன். கொஞ்ச நாளா எனக்கும் களைப்பாத்தான் இருக்கு, வேலை அதிகம், அவ்வளவுதான்," என்றார், கேட்காமலே.

ஸ்டுடியோக்காரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். வாட்ச்சின் வாரைக் கழற்றினாள். அவளுக்குத் தெரிந்த அந்தச் சின்னத் திட்டு இப்போது வாருக்கு வெளியேயும் பரவி, சட்டைக் கைக்குள் ஏறிப் போயிருந்தது.

"இது எப்போலேர்ந்துங்க?" என்று கேட்டாள்.